பாதோ கொண்டுவந்த கிளை

தும்னிக்குச் சிரிப்பு மட்டும் அடங்கவே அடங்காது. கல்யாணத்தன்று அவளைக் கூடையில் உட்காரவைத்து அண்ணன்மார் உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எதிரே மச்சான் தோளில் ஏறி வந்த மாப்பிள்ளை பாதோ சோரென், முகத்துணியை விலக்கி அவள் நெற்றியில் செந்தூரம் இட வேண்டும். கை நடுங்கின நடுக்கத்தில் அவ்வளவு செந்தூரமும் அவள் மூக்கின்மேல் கொட்டிவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் கூனிக் குறுகிப் போயிருப்பாள். இவளோ கூடை குலுங்கச் சிரித்தாள். "ஏய், கெட்டியாப் பிடிங்கடா, பொண்ணு கீழ விழுந்துடப் போவுது!" என்று ஒரே கூச்சல். "இவ சிரிக்கிறதப் பாத்தா பாதோவுக்கு ஆயுசுக்கும் தூக்கம் கிடையாது" என்று எவனோ சொல்ல, அதற்கும் சிரித்தாள்.

இந்தச் சிரிப்பைத்தான் ஊர் பின்னால் அவள் மேல் குற்றமாகச் சொன்னது. "எதுக்குச் சிரிக்கிறான்னு யாருக்காவது தெரிஞ்சிருக்கா?" என்று கேட்டார்கள். ஊர் வாய்க்கு என்ன, எதையும் எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் போடும்.

ராஜ்மகால் மலையடிவாரத்தில் சந்தால் பழங்குடிச் சனங்களின் ஊர் அது. ஒரே தெரு, இரண்டு பக்கமும் வீடுகள். தும்னி வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பெண்கள் மண் குழைப்பார்கள். கீழே கறுப்பு, மேலே செம்மண், நடுவில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. அதில் ஒரு பிசிறு இருக்காது. சோற்றைப் புளிக்கவைத்து இறக்கும் கள்ளிலும் அவள் கைக்குத் தனி ருசி. காட்டுக்குப் போய்த் தானே வேர் தோண்டி வந்து, இடித்து, மாவோடு பிசைந்து, உருண்டை பிடித்துக் காயவைப்பாள். அந்த உருண்டையைச் சோற்றில் போட்டால்தான் கள் பொங்கும். பக்கத்து வீட்டுச் சல்கேவுக்கு உருண்டை சரியாக வராது. வருஷம் முழுக்கத் தும்னியிடம்தான் வாங்கிக்கொள்வாள்.

"அக்கா, ரெண்டு உருண்டை குடேன்."

"ஏண்டி, உனக்குக் கையில்ல?"

"இருக்கு. என் உருண்டையப் போட்டா கள்ளு பொங்க மாட்டேங்குது, எங்க வீட்டுக்காரர்தான் பொங்குறார்."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சல்கேவின் பையன் ரஸ்காவும் தும்னியின் மகள் மைனோவும் ஒரே இலையில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறது என்று தாய்மார் கவலைப்பட்டதே இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் மலையை அளக்க வருகிற வரைக்கும். வந்தார்கள், கல் நட்டார்கள், கல்லுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் காடு என்றார்கள். பாட்டன் முப்பாட்டன் வெட்டின மரத்தை இனி வெட்டினால் ஜெயில். காவலுக்கு ஆள் வேண்டாமா? அதற்கும் ஊருக்குள்ளிருந்தே ஒருத்தனைப் பிடித்தார்கள். பாதோவைக் கூப்பிட்டு, பித்தளை வில்லை பதித்த தோல் வார் ஒன்றை இடுப்பில் கட்டிவிட்டார்கள். அவன் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வருஷம் மழை பொய்த்து, வீட்டில் சோளமும் தீர்ந்து போயிருந்தது.

தும்னி வாரைத் தொட்டுப் பார்த்தாள். "ஏ மைனோ அப்பா, மாட்டுக்குக் கட்டுற மணியையும் சேத்துக் கேட்டு வாங்கியாந்திருக்கலாம்ல?" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

முதலில் மாட்டினவன் சல்கேவின் புருஷன் கோபாய். கலப்பைக்கு ஒரு கட்டை வேண்டுமென்று கல்லைத் தாண்டிப் போய் ஒரு சால மரத்தில் கோடாலி போட்டான். பாதோ தனியாக வந்திருந்தால் பார்க்காத மாதிரிப் போயிருப்பான். அன்றைக்கென்று பார்த்து மேலதிகாரி குதிரையில் கூட வந்திருந்தார். "பிடி அவனை" என்றார். பிடித்தான். மழைக்காலம் முழுக்க கோபாய் ஜெயிலில் கிடந்தான். வயலை உழ ஆளில்லை. பெண்பிள்ளை கலப்பையைத் தொடக்கூடாது, தொட்டால் ஊருக்கே ஆகாது. சல்கே தன் வயலில் புல் முளைப்பதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். பாதோ ஏரோடு வந்து நின்றபோது, "அந்த வாரைக் கட்டினவன் காலு என் மண்ணுல படக்கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

திரும்பி வந்த கோபாய் பாதோவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பேச முடியும்? சர்க்கார் வாரைத் தொட்டால் மறுபடியும் ஜெயில். அதற்காக ஆத்திரம் ஆறிவிடுமா? ஆம்பிளையிடம் காட்ட முடியாத ஆத்திரம் தேடிக்கொண்டு போய் அவன் பெண்டாட்டி வாசலில்தான் நிற்கும். எந்த ஊரிலும் இதுதான் நடக்கிறது, நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோபாய் ஒருத்தன் மட்டுமில்லை. விறகுக்கட்டைப் பறிகொடுத்தவன், ஆட்டைக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய் அபராதம் கட்டினவன் என்று ஊரில் பாதிப் பேருக்குப் பாதோ மேல் வயிற்றெரிச்சல். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தும்னி தண்ணீருக்குப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவ்வளவுதான். அவள் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரஸ்கா மட்டும் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் வழக்கம்போல் வந்து மைனோவோடு உட்கார்ந்து தின்றான். சால மரம் பூக்கிறபோது எடுக்கிற பூத் திருவிழா முடிந்த கையோடு அனல்காற்று அடிக்கத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் தும்னி வறுத்துக் கொடுத்த இலுப்பைப் பூவைத் தின்றுவிட்டுப் போனவனுக்குச் சாயங்காலம் காய்ச்சல். கழுத்தில் நெறி கட்டி, கண் செருகிப் பிதற்றினான். அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டான். ஸ்டேஷன் பக்கம் கூலிக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த காய்ச்சல் அது என்று பிற்பாடு தெரிந்தது. பிற்பாடு தெரிந்து யாருக்கு என்ன?

செய்தி கேட்டதும் தும்னி ஓடினாள். சல்கே அவள் மடியில் விழுந்துதான் அழுதாள், வேறு யார் மடியிலும் இல்லை. "அக்கா, என் புள்ளைய எழுப்பு அக்கா, நீ கூப்பிட்டா எந்திரிப்பான்" என்று கதறினாள். தும்னியும் அந்தப் பிஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு, "டேய் ரஸ்கா, பூ வறுத்து வெச்சிருக்கேன்டா, வாடா" என்று கூப்பிட்டாள். இதைக் கேட்ட நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓஜா வந்தான். நோய் பார்த்து மருந்தும் மந்திரமும் சொல்கிறவன். இரண்டு சால இலையில் எண்ணெய் தடவித் தேய்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான். "பொம்பளக் கண்ணு. கிட்டத்துலதான். உங்க ஓடைத் தண்ணியக் குடிக்கிறவ" என்றான். அந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்காதவள் அந்த ஊரில் எவள்? ஆனாலும் எல்லார் தலையும் ஒரே திசையில் திரும்பியது.

முன்காலமாக இருந்தால் அன்றைக்கே கல்லெடுத்திருப்பார்கள். பக்கத்து ஊரில் ஒருத்தியை அடித்துக் கொன்றதற்காக இரண்டு ஆட்களைத் துரைமார் தூக்கில் போட்டதிலிருந்து கொஞ்சம் பயம். இப்போதெல்லாம் ஊரைவிட்டுத் துரத்துவதோடு நிறுத்திக்கொள்வார்கள், அதுவும் வெளியே தெரியாமல். ஆனால் தூரத்து ஊரில் ஜான்குரு என்று ஒரு குறிகாரன் இருந்தான். அவன் வாய் திறந்து பெயரைச் சொல்லிவிட்டால் அவளைக் கொன்றுதான் தீர்ப்பார்கள், தூக்குக்கயிறாவது ஒன்றாவது, யார் கண்ணுக்கும் தெரியாது.

பாதோ மேலதிகாரியின் கச்சேரிக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தான். அங்கிருந்த குமாஸ்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சூனியம்னு ஒண்ணு சட்டத்துல கிடையாதுப்பா. இல்லாததுக்கு நான் என்னன்னு வழக்குப் போடுறது? யாராவது செத்தா வந்து சொல்லு" என்றானாம்.

ஊர்த்தலைவர் சத்ராய். மாஞ்சி என்பது அவர் பட்டம். நிதானமான கிழவர். கூட்டத்தைக் கூட்டி, "எடுத்ததும் ஜான்குருகிட்ட ஓட வேணாம். முதல்ல கிளை நடுவோம். அது என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றார். வீட்டுக்கு ஒரு சாலக் கிளை. வீட்டுத் தலைவன் தன் கையால் ஒடித்து, ஓடையின் ஈர மணலில் தன் கையால் நட வேண்டும். காலையில் நட்டுப் பொழுது சாயும்போது பார்ப்பார்கள். எந்த வீட்டுக் கிளை வாடியிருக்கிறதோ அந்த வீட்டில்தான் சூனியக்காரி.

கேட்டதும் தும்னிக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்! அவளும் அந்த ஊர்க்காரிதானே. கிளை பொய் சொல்லாது என்று தாய்ப்பாலோடு குடித்தவள்.

"மாஞ்சி ஐயா, நாளைக்கேகூட நடுங்க. என் வீட்டுக் கிளை சும்மா நிமிந்து நிக்கும், பாருங்க" என்றாள்.

"உன் புருஷன்தான்டி நடணும், நீயில்ல" என்றாள் கூட்டத்திலிருந்த ஒருத்தி.

"அவரு நட்டா என்ன, நான் நட்டா என்ன? வீடு ஒண்ணுதானே."

கிளை நடுகிறதற்கு முந்தின நாள் பாதோ மலைக்குப் போய்விட்டு வெயில் தாழ வந்தான். ரோந்து போயிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். முகம் கறுத்திருந்தது. கஞ்சியை வைத்தால் பாதியில் எழுந்துவிட்டான். "ஏன் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்க? நாளைக்குச் சாயங்காலம் எல்லாம் சரியாயிடும். முதல் வேலையா சல்கே வீட்டுக்குப் போயி அவளைக் கட்டிக்கிட்டு அழணும் நான். அந்தப் புள்ள போனதுக்கு இன்னும் சரியா அழக்கூட விடல என்னை" என்றாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வையை அவள் பாசம் என்று எடுத்துக்கொண்டாள். பாசமும்தான், இல்லை என்று சொல்ல முடியாது.

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் ஓடைக்கரை மரங்களில் ஆளுக்கொரு கிளை ஒடித்து மணலில் வரிசையாக நட்டார்கள். பாதோ தன் கிளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நட்டான். எந்த மரத்தில் ஒடித்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவனவனுக்கு அவனவன் கிளையைப் பற்றின பயம். கிளைகளைக் காக்க வெவ்வேறு வீட்டு ஆட்கள் நாலு பேரைக் கரையில் உட்காரவைத்தார் மாஞ்சி. பெண்கள் பக்கத்தில் வரக்கூடாது. தும்னி வீட்டில் உட்கார்ந்து மைனோவுக்குப் பேன் பார்த்தாள். வெளியே அனல்காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது.

பொழுது சாய ஊரே ஓடைக்கரையில் கூடியது. மாஞ்சி வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இது நிமிர்ந்திருக்கிறது, இதுவும் சரி, இது ஓரம் மட்டும் சுருண்டிருக்கிறது, பரவாயில்லை. பாதோவின் கிளைக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒவ்வொரு இலையும் துவண்டு, காம்போடு தொங்கிக்கொண்டிருந்தது. கையால் நிமிர்த்திப் பார்த்தார். கையை எடுத்ததும் மறுபடி விழுந்தது.

யாரும் கத்தவில்லை. அதுதான் கொடுமை. கத்தியிருந்தால் தும்னியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். எல்லாரும் அவளிடமிருந்து ஓரடி பின்னால் போனார்கள். சல்கே மட்டும் முன்னால் வந்தாள். அழுது அழுது குரல் தேய்ந்து போயிருந்தது.

"அக்கா. நீயே சொல்லு. என் புள்ளைய நீ தின்னியா?"

தும்னி அந்தக் கிளையைப் பார்த்தாள். கிளை பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். தன் மனசு பொய் சொல்லாது என்றும் அவளுக்குத் தெரியும். இரண்டில் ஏதோ ஒன்று பொய். ஒருவேளை தூங்கும்போது தான் எழுந்து எங்காவது போகிறோமோ? தன் கையால் ஊட்டியதில் தனக்கே தெரியாமல் ஏதாவது கலந்ததோ? நினைக்க நினைக்க உடம்பெல்லாம் குளிர்ந்து போயிற்று.

"எனக்குத் தெரிஞ்சு இல்லடி" என்றாள்.

அட பாவி மகளே, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கக் கூடாதா? "கேட்டீங்களா? தெரிஞ்சு இல்லையாம்! அப்ப தெரியாமத் தின்னிருக்கா!" என்று கோபாய் குதித்தான். பிறகுதான் கூச்சல் கிளம்பியது. மாஞ்சி கையைத் தூக்கி அடக்கினார். "அடிக்கிற வேலையெல்லாம் வேணாம். நாளைக்குப் பொழுது விடியறதுக்குள்ள இவ ஊர் எல்லையத் தாண்டிடணும். பொண்ணு இங்கயே இருக்கட்டும். தாய்கூடப் போனா அதுக்கும் இவ வித்தையச் சொல்லிக் குடுத்துட்டான்னு நாளைக்கு எவனும் கட்ட மாட்டான்" என்றார்.

மைனோ ஓடிவந்து தும்னியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ போயிடுவியா?" என்றாள். தும்னி அவள் தலையைத் தன்னோடு அழுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் பாதோ வாய் திறந்தான்.

"அது ஓடைக்கரைக் கிளை இல்ல மாஞ்சி ஐயா."

"என்னது?"

"மலையில சுனை கிட்ட ஒரு பெரிய சாலமரம் இருக்கு. எந்தக் கோடையிலயும் அது வாடி நான் பாத்ததில்ல. சர்க்கார் காடு, வேற யாரும் அங்க போக முடியாது. அதுல ஏறி ஒடிச்சேன்."

"எப்ப ஒடிச்ச?"

"நேத்து மத்தியானம்."

"மத்தியானம் ஒடிச்சதை இன்னைக்கா நட்ட? அதுவரைக்கும் எங்கடா வெச்சிருந்த?"

"கூரையில செருகி வெச்சிருந்தேன். தண்ணியில போட்டா இவ பாத்துருவா."

"தளிரா, முத்தினதா?"

"தளிருதான். உச்சியில இருந்துச்சு. பளபளன்னு அவ்வளவு அழகா இருந்துச்சு ஐயா."

மாஞ்சி தலையில் அடித்துக்கொண்டார். "அட மடப்பயலே! உச்சி வெயில்ல ஒடிச்ச தளிரு நிக்குமாடா? காட்டுலயே கிடக்கிறவனுக்கு இது தெரியாதா?"

தெரியாமல் என்ன? ஆடு மேய்க்கிற பொடிசுக்கும் தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ!

தும்னி சிரித்தாள். அந்த இடத்தில், அத்தனை பேருக்கு நடுவில், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். சூனியக்காரி இல்லை, அவள் சூனியக்காரி இல்லை! ரஸ்காவை அவள் தின்னவில்லை! கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன்னைப் பார்த்துத் தானே பயந்தாளே, அந்தப் பயம் எல்லாம் இறங்கி ஓடியது. "பாத்தியாடி சல்கே, நான் இல்லடி! நான் இல்ல!" என்றாள். சல்கேவின் முகத்திலும் ஏதோ இளகியது. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

கோபாய் விடவில்லை. "எதுக்குடா மலைக்குப் போன? ஓடைக்கரை மரத்துக்கு என்ன கொறைச்சல்? நாங்கல்லாம் அதுலதானே ஒடிச்சோம்?"



"அந்தக் கேள்வி அப்புறம்" என்றார் மாஞ்சி. அந்தக் கிழவர் நல்லவர், அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். "வாடின கிளைய நட்டா அது கணக்குல வராது. பாதோ, இப்பவே போய் இந்தா இந்தக் கரை மரத்துல ஒண்ணு ஒடி. உன் கையால நடு. நாளைக்கு இதே நேரம் பாப்போம். நிமிந்து நின்னா இவ உன் வீட்டுக்குப் போறா, அதுக்கப்புறம் எவனாவது இவளை ஒரு சொல்லு சொன்னா நான் கேக்கிறேன். வாடுச்சுன்னா நம்ம கையில இல்ல, ஜான்குருகிட்டத்தான் போகணும்."

மரம் பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் கிளை. தும்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போ, மைனோ அப்பா. ஒடிச்சுட்டு வா."

அவன் நகரவில்லை.

"என்ன நிக்கிற? முத்தின இலையாப் பாத்து ஒடி. நடு. ஒண்ணும் ஆகாது."

"வேணாம் மாஞ்சி ஐயா" என்றான் பாதோ. "வேணாம். இப்படியே அனுப்பிடுங்க."

"என்னடா சொல்ற?"

"அதுவும் வாடிட்டா? ஜான்குரு பேரைச் சொல்லிட்டா இவளைக் கொன்னுடுவீங்க. எனக்குத் தெரியும். இப்பப் போனா உசிரோட போவா. எங்கயாவது உசிரோட இருக்கட்டும்."

தும்னி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டான். நேற்று ராத்திரி அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தானே, அது எதைத் தேடின பார்வை என்று அவளுக்கு இப்போது புரிந்தது.

"ஓடைக்கரைக் கிளைய நட்டா வாடிடும்னு நெனச்சுத்தான் மலைக்குப் போனியா?"

அவன் அழுதான்.

"சொல்லு. இத்தனை வருஷம் என் கையால சாப்பிட்ட. என் பக்கத்துல படுத்த. அப்படி நெனச்சியா?"

"எனக்கு நீ வேணும்" என்றான். "நீ எதுவா இருந்தாலும் எனக்கு நீ உசிரோட வேணும்."

எதுவாக இருந்தாலும்! ஊர் முழுக்கச் சேர்ந்து சூனியக்காரி என்றபோதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை. மாஞ்சி அவளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற? உன் அண்ணன் யாராவது வந்து நட்டாக்கூட நான் ஒத்துக்கிறேன்" என்றார். வழக்கத்தில் இல்லாததைக் கிழவர் அவளுக்காகச் சொன்னார்.

"வேணாம் ஐயா" என்றாள் தும்னி. "இனிமே அது பச்சையா நின்னு எனக்கு என்ன ஆகப் போவுது?"

விடியும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு புடவையையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டாள். மைனோவின் கையைப் பிடித்துச் சல்கேவிடம் கொண்டுபோய்விட்டாள். "இவளுக்கு மிளகா ஆகாது. குறைச்சுப் போடு" என்றாள். சல்கே அவள் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையை மட்டும் இழுத்து அணைத்துக்கொண்டாள். தெருக்கோடி வரைக்கும் மைனோ கத்திய கத்தல் கேட்டது. தும்னி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

பாக்கூரில் ரயில் பாதைக்கு ஜல்லி உடைக்கிற இடத்தில் எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். சுத்தியலைத் தூக்கத் தெரிந்தால் போதும். தும்னி அங்கே சேர்ந்தாள். கூட உடைக்கிற பெண்களில் பாதிப் பேர் இவளை மாதிரித்தான். ஒருத்திக்குப் புருஷன் செத்து வயல் தனியாக மிஞ்சியது, கொழுந்தன் மாட்டுக்கு நோய் வந்ததும் சூனியம் என்று பழி விழுந்தது. ஒருத்தி பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்து "கொழுகொழுன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டாள். ஆளுக்கொரு கதை. யாரும் விவரமாகச் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை. ஒருத்தி மட்டும், "உன் வீட்டுக்காரரும் சேந்து துரத்தினாரா?" என்று கேட்டாள். "இல்ல, அவரு என்னைக் காப்பாத்தினாரு" என்றாள் தும்னி. அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை.

மழை முடிந்து நெல் கதிர் பிடிக்கிற சமயத்தில் பாதோ வந்தான். இடுப்பில் வார் இல்லை. ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கியது. முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"மைனோ அம்மா! நட்டேன்! யாருக்கும் சொல்லாம, ஓடைக்கரை மரத்துல ஒடிச்சு, உன் பேரைச் சொல்லி நான் ஒருத்தனே நட்டேன். ஒரு இலைகூட வாடல! மறுநாளும் பச்சையா நின்னுச்சு! மாஞ்சி ஐயாவைக் கூட்டியாந்து காட்டினேன். கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாரு. கோபாய் மட்டும் முறைச்சான், போறான் விடு. மைனோ கேட்டுக்கிட்டே இருக்கா. வா, போலாம். நீ சூனியக்காரி இல்ல!"

தும்னி சுத்தியலைக் கீழே வைத்தாள். எழுந்து நடந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம். எழுந்தே விட்டாள். புடவையில் ஒட்டிய கல் தூளைத் தட்டினாள்.

பிறகு அவனைக் கேட்டாள். "அது வாடியிருந்தா வந்திருப்பியா?"

பாதோவின் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே நின்றுவிட்டது. பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய், "வந்திருப்பேன்" என்று. அதைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நம்பத் தயாராகத்தான் நின்றாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான்.

அவள் கல் குவியலுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு எவன் வீட்டுலயாவது ஒரு மாடு செத்தா மறுபடி நடுவீங்க" என்றாள். "அன்னைக்கு மைனோவும் பக்கத்துல நின்னு பாக்கணுமா? நீ போ. அவளை நல்லாப் பாத்துக்க. அவளுக்குக் கல்யாணம் வந்தா, யாரையாவது விட்டுச் சொல்லி அனுப்பு."

அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவள் சுத்தியலை எடுத்து அடுத்த கல்லை உடைத்தாள்.